நெவில் பாஸ்கோ பலகையில் படுத்த கதை

ஆட்டுப் பண்ணைகள் சூழ்ந்த எங்கள் யர்ரகூன் ஊரில் ஓர் ஆண்பிள்ளை எதற்கு வேண்டுமானாலும் தரையில் விழலாம். குடித்துவிட்டு விழலாம், ஃபுட்பால் மைதானத்தில் முட்டி பெயர்ந்து விழலாம், குதிரை உதறித் தள்ளி விழலாம். தூக்கிவிட நாலு பேர் ஓடி வருவார்கள், அந்த வாரம் முழுக்க அவனுக்கு பீர் இலவசம். ஆனால் அவனாகவே ஒரு பாயை விரித்து, மெதுவாகப் படுத்து, மூச்சை இழுத்து விட்டான் என்று வையுங்கள், தீர்ந்தது. ஊரே கூடிச் சிரிக்கும். இந்த நியாயத்தை எந்தப் புண்ணியவான் எழுதிவைத்தான் என்று எனக்குத் தெரியாது. எழுதியவன் முதுகு நல்ல முதுகாக இருந்திருக்கும்.

நெவில் பாஸ்கோவின் முதுகு நல்ல முதுகு இல்லை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போனவன். தன் எடைக்குக் குறையாத ஆட்டைப் பட்டியிலிருந்து இழுத்து வந்து, முட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து, இடுப்பிலிருந்து மடிந்து, மெஷினை அதன் மேல் ஓட்ட வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது. எத்தனை ஆடோ அத்தனைக்குத்தான் கூலி, அதனால் நிமிர்ந்து நிற்கும் நேரம் எல்லாம் நஷ்டக் கணக்கு. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஐம்பதைத் தொட்டபோது, வேலை முடிந்த பிறகும் அவன் மடிந்தபடியே நடந்தான். பப்பில் 'கொக்கி' என்று பெயர் வைத்தார்கள். பட்டப்பெயர் வைப்பது அன்புக்கு அடையாளம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வைத்தவன்தான் அப்படிச் சொல்வான்.

ஒரு நாள் காலையில் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தான். முடியவில்லை. ஆட்டுக்குக் குனியும் உடம்பு தன் காலுக்குக் குனிய மாட்டேன் என்றது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மார்லீன் வந்து, தரையில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் கட்டிவிட்டாள். அந்த நிமிஷம் அவனுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

பெரிய ஊர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த வேலையை விடு, இல்லை உடம்பை வளைக்கக் கற்றுக்கொள் என்றார். வேலையை விட்டுவிட்டு என்ன செய்வது? நெவிலுக்கு ஆட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கத்தரிக்கும் கொட்டகையில் அவனுக்கென்று ஓர் இடம் இருந்தது, அவன் மெஷின் தொங்கும் இடம். அது போனால் தான் யார் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊர் ஹால்ல ப்ரான்வின் யோகா சொல்லிக் கொடுக்கறா. வா," என்றாள் மார்லீன். ப்ரான்வின் எங்கள் தபால் ஆபீஸ்காரி.

"அது பொம்பளைங்க சமாச்சாரம்."

"உன் ஷூவக் கட்டறதும் இப்ப பொம்பளை சமாச்சாரமாத்தான் ஆயிடுச்சு. அது மட்டும் பரவாயில்லையா?"

போனான். ஆனால் எப்படிப் போனான் என்று கேளுங்கள். யோகா பாயைத் துப்பாக்கி உறைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போனான். எங்கள் ஊரில் யாருடைய பிக்கப் வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் தினசரிச் செய்தி. வண்டியைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி. அதனால் ஹால் வாசலில் நிறுத்தாமல், இரண்டு தெரு தள்ளி, கத்தோலிக்க மாதா கோவிலின் பின்பக்கம் நிறுத்திவிட்டுச் சந்து வழியாக நடந்தான். அவன் கத்தோலிக்கனே இல்லை. அதை யோசிக்கவில்லை.

நாலாவது வாரம் பப்பில் டாரன் ஃபோகர்ட்டி அவன் தோளில் கையைப் போட்டான். டாரன் நெவிலோடு ஒரே குழுவில் கத்தரிப்பவன். மலை மாதிரி உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

"என்ன மாப்ளே, வாரா வாரம் மாதா கோவில் பின்னாடி வண்டி நிக்குதே, சாமியார்கிட்ட பாவமன்னிப்பா? யாரு அவ? எங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

நெவில் இளித்தான். இல்லை என்று சொல்லவில்லை. பெண்டாட்டிக்குத் துரோகம் செய்கிறான் என்ற பெயர் வந்தால் வரட்டும், பாயில் படுக்கிறான் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்று இருந்துவிட்டான். நல்ல மனுஷன்தான், ஆனால் வெட்கம் மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

கசாப்புக் கடைக்காரர் மனைவி ஒரு பாத்திரம் நிறைய இறைச்சிக் குழம்போடு வந்து, மார்லீனின் கையைப் பிடித்து, "தைரியமா இரும்மா, ஆம்பளைங்களே இப்படித்தான்," என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு விஷயம் உடைந்தது. மார்லீன் அந்தக் குழம்பைச் சூடாக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"நல்லா சாப்பிடு. உன் கள்ளத்தனத்துக்கு ஊர் எனக்குக் குடுத்த நஷ்ட ஈடு. வர்ற செவ்வாய்க்கிழமை வண்டி ஹால் வாசல்ல நிக்கணும். இல்லேன்னா நானே பப்புல ஸ்டூல் மேல ஏறி நின்னு சொல்லிடுவேன்."

அடுத்த செவ்வாய் வண்டி வாசலில் நின்றது. துப்பாக்கி உறை அலமாரிக்குப் போனது. ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டான். முதலில் அது பொய்த் தைரியம்தான், நடுங்கிக்கொண்டே காட்டுகிற தைரியம். ஆனால் குளிர்காலம் முடிவதற்குள் அவன் தன் லேஸைத் தானே கட்டினான். அதற்குப் பிறகு தைரியம் பொய்யாக இல்லை.

வசந்த காலம் வந்தது. வல்லரோய் பண்ணையில் கத்தரிப்பு. கன்ட்ராக்டர் கெவ் டூலன் எப்போதும் போல ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். நெவில், டாரன், நியூசிலாந்திலிருந்து வருஷா வருஷம் வரும் மாவோரிக்காரன் விரெமு, யூனியன் பிரதிநிதி லெஸ்டர், அப்புறம் அண்ணன் தம்பி இரண்டு பேர். அந்தச் சகோதரர்கள் சாப்பிட மட்டுமே வாயைத் திறப்பார்கள், அதனால் அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

கொட்டகையில் எல்லாம் மணிக் கணக்கு. மணி அடித்தால் மெஷின் ஓடும், மணி அடித்தால் நிற்கும், டீ வரும். முதல் நாள் டீ மணி அடித்ததும் நெவில் டீயை எடுக்கவில்லை. கத்தரிக்கும் மேடையை நாங்கள் பலகை என்போம். தலைமுறை தலைமுறையாக ஆட்டுக் கொழுப்பு ஊறி, கண்ணாடி மாதிரி வழவழக்கும் மரத்தரை. அதன் மேல் தன் பாயை விரித்தான். வெளியே விரிக்க வழியில்லை, எங்கு பார்த்தாலும் நெருஞ்சியும் ஈயும் சாணமும். தங்கும் அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மணி அடித்துவிடும். மணி அடிக்கும்போதெல்லாம் முதுகை நீட்டினால் அன்றைய பொழுது ஓடும், நீட்டாவிட்டால் மதியத்துக்குள் முதுகு பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் கணக்கு. அதனால் எல்லார் முன்னாலும் கவிழ்ந்து படுத்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கினான்.

டாரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"டேய், யாராவது வாங்கடா, கொக்கி நிமிருது!"

"இது என்ன மாப்ளே?" என்றான் விரெமு.

"பாம்பு," என்றான் நெவில், மூச்சு விட்டபடி.

"நேத்து ரூம்ல பண்ணியே, அது?"

"பூனை. அடுத்தது நாய்."

"யோகாவா இது, மிருகக்காட்சி சாலையா?" என்றான் டாரன். எல்லாரும் டீ சிந்தச் சிரித்தார்கள். நெவில் நாயாக நின்றபோது, லெஸ்டரின் ஆட்டு நாய் நிஜமாகவே வந்து அவன் முகத்தை நக்கியது. அது போதாதா? டாரன் போனை எடுத்துப் படம் பிடித்து, மாடுகளை லாரியில் ஏற்றும் மேட்டில் ஏறி நின்று சிக்னல் பிடித்து, பப்புக்கு அனுப்பிவைத்தான்.

மூன்று நாளில் அந்தப் படம் சுற்றாத கொட்டகை இல்லை. மற்றக் குழுக்காரர்கள் கெவ்வுக்குப் போன் போட்டு, "உன் நாட்டியக் கோஷ்டி எங்க ஊருக்கு எப்ப வருது, டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டார்கள். கெவ் கெட்டவன் இல்லை. ஆனால் நாலு பேர் சிரித்தால் தாங்க மாட்டான். டீ நேரத்தில் வந்து நெவிலின் தலைமாட்டில் நின்றான்.

"நெவ், இத எங்கயாவது மறைவாப் பண்ணு. என் மானம் போகுது."

"மறைவா எதுக்கு? நான் என்ன திருடினேனா?"

"சரி, நான் ஒண்ணும் சொல்லல. கொட்டகை முடிவு பண்ணட்டும். ஓட்டுப் போடுங்க. வேண்டாம்னு விழுந்தா, நீ பலகைல படுக்கக் கூடாது. மீறிப் படுத்தா மெஷினக் கழட்டிட்டு வீட்டுக்குப் போ."

ஓட்டு என்பது எங்கள் கொட்டகைகளில் விளையாட்டு இல்லை. மழையில் நனைந்த ஆட்டைக் கத்தரித்தால் கத்தரிக்கிறவன் உடம்புக்கு ஆகாது என்பது எங்கள் நம்பிக்கை. ஆடு ஈரமா இல்லையா என்பதைப் பண்ணைக்காரன் சொல்ல முடியாது, கன்ட்ராக்டரும் சொல்ல முடியாது. கத்தரிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்ப்பார்கள், துண்டுச் சீட்டில் எழுதி ஒரு தொப்பியில் போடுவார்கள். யார் என்ன எழுதினான் என்று கேட்கக் கூடாது. சரிபாதியாக விழுந்தால் மறுபடி இரண்டு ஆடு, மறுபடி ஓட்டு. ராஜாவே வந்தாலும் அந்தத் தொப்பிக்குத் தலைவணங்க வேண்டும்.

நெவில் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது, ஆனால் குரல் ஏறவில்லை.

"ஓட்டுத்தானே? போடுங்க. ஆனா முறையாப் போடுங்க. லெஸ்டர், நீ சொல்லு. கத்தரிக்காத ஆட்டுக்கு எவனாவது ஓட்டுப் போடலாமா?"

லெஸ்டர் சட்டம் என்றால் சோறு தண்ணீர் மறப்பவன். தாடியைச் சொறிந்தான்.

"கூடாது. ஆளுக்கு ரெண்டு கத்தரிச்சுட்டுத்தான் ஓட்டு. அது விதி."

"அப்போ ஆளுக்கு ரெண்டு பண்ணிட்டுப் போடுங்க. ஒரு பாம்பு, ஒரு நாய். அப்புறம் வேண்டாம்னு எழுதறவன் எழுதட்டும்."

"நான் பண்ண மாட்டேன்பா," என்றான் டாரன்.

"அப்போ உனக்கு ஓட்டு இல்ல," என்றான் லெஸ்டர்.

ஓட்டு இல்லாமல் போவதா? அதைவிட மானக்கேடு எங்கள் ஊரில் வேறில்லை. ஐந்து பேரும் முணுமுணுத்துக்கொண்டே பலகையில் படுத்தார்கள். எண்ணெய் போடாத கதவுகள் மாதிரி ஒவ்வொருவனும் கிறீச்சிட்டான். ஒருத்தன் பின்பக்கமாகக் காற்றை விட்டு, அதற்கு நாயைப் பழி சொன்னான். விரெமுவின் கை முட்டி துப்பாக்கி மாதிரி வெடித்தது. டாரன் பாம்பாகத் தலையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர்.

"என்னடா ஆச்சு?" என்றான் நெவில்.

"ஒண்ணுமில்ல. வியர்வை." கொஞ்சம் பொறுத்து, யாருக்கும் கேட்காத குரலில், "இடுப்புல என்னமோ விட்டுச்சுடா," என்றான்.

சீட்டுகள் தொப்பிக்குள் விழுந்தன. லெஸ்டர் எண்ணினான். மூன்றுக்கு மூன்று, சரிபாதி.

"விதிப்படி நாளைக்கு மறுபடி ரெண்டு, மறுபடி ஓட்டு," என்று லெஸ்டர் அறிவித்தான். கெவ் காலால் தரையை உதைத்துவிட்டுப் போனான்.

மறுநாளும் சரிபாதி. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் இப்படியே போனது. தினமும் டீ நேரத்தில் ஐந்து பேரும் தூக்குமேடைக்குப் போகிற முகத்தோடு வந்து படுப்பார்கள். "கருமம், இந்த ஓட்டு எப்பத்தான் முடியுமோ" என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால் மணி அடித்ததும் முதலில் பலகைக்கு வருகிறவன் டாரன். நெவில் ஒன்றும் முட்டாள் இல்லை. யாரோ இரண்டு பேர் தினமும் வேண்டும் என்று எழுதுகிறார்கள், வேறு யாரும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து அந்த ஓட்டை முடித்துவைக்கவும் இல்லை என்பது அவனுக்குப் புரிந்தது. அவரவர் உடம்புக்கு இது வேண்டியிருந்தது, அவரவர் வாயால் அதைச் சொல்ல வரவில்லை. தொப்பி சொல்லிக்கொண்டிருந்தது. போகட்டும் என்று இருந்தான். அவன் முதுகு தாங்கியது, அவன் இடம் அவனுக்கு இருந்தது. அது போதும் என்று நினைத்தான்.

இரண்டாம் வாரம் ஒரு காலை. ஆறு பேரும் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கிறார்கள். வாசல் பக்கமிருந்து ஒரு குரல்:

"குளத்துல வாத்து! குளத்துல வாத்து!"

பழைய நாளில் கொட்டகைக்குப் பெண்கள் வந்தால், வாயை அடக்குங்கள் என்று எச்சரிக்கக் கத்துவது அது. இப்போது ரோமம் தரம் பிரிக்கிறவளே ஒரு பெண், ரோண்டா. அந்தக் கூச்சலுக்கு அவள்தான் பெரிதாகச் சிரிப்பாள். அன்று வந்தது பெண்கள் இல்லை. பண்ணை முதலாளியும், கம்பளி வாங்க வந்த இரண்டு பேரும். கூடவே கெவ்.

நெவில் தலையைத் திருப்புவதற்குள் பலகை காலி. ஐந்து பேரும் எப்படி எழுந்தார்கள், எப்படி டீ கோப்பை கைக்கு வந்தது, கடவுளுக்கே வெளிச்சம். பத்து நாளைக்கு முன்னால் அவர்களால் அவ்வளவு வேகமாக எழுந்திருக்கவே முடியாது. நெவில் மட்டும் பலகை நடுவே கிடந்தான்.

"இவருக்கு என்ன?" என்று கேட்டார் வந்தவர்களில் ஒருவர்.

"முதுகொடிஞ்ச கிழட்டு ஆடு சார்," என்றான் டாரன். "சுட்டுடலாமா வேண்டாமான்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

முதலாளி சிரித்தார். கெவ் சிரித்தான். விரெமு சிரித்தான், லெஸ்டரும். கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்பை நெவில் ஊரிடம் வாங்கியிருக்கிறான், பப்பில் வாங்கியிருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பக்கத்தில் படுத்து முனகிக்கொண்டிருந்தவன் வாயிலிருந்து வந்தபோது, அது நெஞ்சில் இறங்கியது. அவன் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் போகும்வரை, பலகையில் கன்னத்தை வைத்தபடி, ப்ரான்வின் சொல்லிக்கொடுத்த கணக்குக்கு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு கிடந்தான்.

சாயங்கால மணி அடித்து மெஷின்கள் நின்றதும், "லெஸ்டர், தொப்பியக் கொண்டா," என்றான்.

"நாளைக்குத்தானே..."

"இன்னிக்கே."

சீட்டு எழுதினார்கள். நெவில் மட்டும் மறைக்கவில்லை. கட்டைப் பென்சிலால் பெரிய எழுத்தில் 'வேண்டாம்' என்று எழுதி, எல்லாருக்கும் திருப்பிக் காட்டிவிட்டுத் தொப்பியில் போட்டான்.

"டேய், என்னடா பண்றே?" என்றான் விரெமு. "உனக்கு எதிராவே போடறியே?"

"எண்ணு, லெஸ்டர்."

லெஸ்டர் எண்ணினான். வேண்டும் இரண்டு, வேண்டாம் நாலு. பட்டியில் ஒரு ஆடு தும்மியது.

"முடிஞ்சுது," என்றான் நெவில். "இனிமே ஓட்டு கிடையாது, விதி கிடையாது, ஆளுக்கு ரெண்டு கிடையாது. உங்களை யாரும் கட்டாயப்படுத்தல. உடம்பு வலிக்குதுன்னு சொல்ல உங்களுக்கு ஒரு தொப்பி வேண்டியிருக்கு. எனக்கு வேண்டாம். நாளைக்கு டீ மணி அடிச்சா நான் இங்க படுப்பேன். கெவ் என் மெஷினக் கழட்டினா கழட்டட்டும்."

"கோவிச்சுக்காத மாப்ளே, சும்மா தமாஷுக்கு..." என்று டாரன் ஆரம்பித்தான்.

"தமாஷ் எனக்கும் தெரியும்டா. முப்பது வருஷமாச் சிரிச்சிருக்கேன். எவனோ ஒருத்தன் வாசல்ல வந்து நின்னா உன் இடுப்பு சரியாயிடுதா?"

டாரன் திரும்பி நின்று தன் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான்.

இருட்டுவதற்குள் நெவில் மாட்டு மேட்டில் ஏறி வீட்டுக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான். நாளைக்கு வேலை போகலாம் என்றான்.

"படுக்காம இருந்தா?" என்று கேட்டாள் மார்லீன்.

"ரெண்டே நாள். முதுகு பூட்டிக்கும். அப்பவும் போகும்."

"சரி. போனாப் போகட்டும். வர்றப்ப பால் வாங்கிட்டு வா."

மறுநாள் டீ மணி அடித்தபோது கெவ் வாசலிலேயே நின்றிருந்தான். வந்து நெவிலின் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டான். நெவில் முகத்தைத் துடைத்தான். தண்ணீர் குடித்தான். பாயை எடுத்தான்.

"நெவ், ஓட்டு விழுந்தாச்சு," என்றான் கெவ். "நீயே போட்டது. விரிச்சேன்னா நான் கழட்டத்தான் வேணும். என்னைப் பண்ண வைக்காத."

"உன் கைய யாரும் பிடிச்சு இழுக்கல, கெவ். நீயாத்தான் பண்ணணும்."

விரித்தான். முப்பத்தைந்து வருஷம் நின்ற இடம், அதை விட்டால் திங்கட்கிழமை காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாத மனுஷன், கவிழ்ந்து படுத்து நெஞ்சைத் தூக்கினான். சகோதரர்கள் இரண்டு பேரும் ஜன்னல் வழியே தூரத்துப் புல்லைப் பார்த்தார்கள். லெஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். ரோண்டா கையில் இருந்த ரோமத்தைக் கீழே வைத்தாள். கெவ் மெஷினின் திருகில் கையை வைத்தான்.

டாரன் கோப்பையை மரச்சட்டத்தின் மேல் வைத்த சத்தம் கேட்டது.

"அதுல கை வைக்காத, கெவ்."

"நீ இதுல தலையிடாத."

"தலையிடாம? அத கழட்டினா என்னோடதையும் சேத்துக் கழட்டு." டாரன் வந்து நெவிலுக்குப் பக்கத்தில், பாய் இல்லாமல், வெறும் பலகையில், முதலில் ஒரு முட்டியையும் பிறகு இன்னொரு முட்டியையும் ஊன்றி இறங்கினான். அவ்வளவு பெரிய உடம்பு இறங்க நேரம் பிடித்தது. "எனக்கு இடுப்பு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. மாத்திரை இல்லாமத் தூக்கம் கிடையாது. என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. போ, பப்புல சொல்லு, பண்ணையில சொல்லு. போன் வேணுமா? என்னோடது பையில இருக்கு. இப்பவே படம் பிடி."

கெவ் படம் பிடிக்கவில்லை. பட்டியில் நெருக்கியடித்து நின்ற ஆடுகளைப் பார்த்தான். மேற்கே கறுத்துக்கொண்டு வந்த மேகத்தைப் பார்த்தான். ஆடு நனைவதற்குள் முடிக்க வேண்டும், இரண்டு பேரை அனுப்பிவிட்டால் முடியாது. விரெமு வந்து அந்தப் பக்கம் படுத்தான். லெஸ்டர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, "ஓட்டு ஓட்டுத்தான். ஆனா பாக்கறவன் கண்ண மூடிக்கக் கூடாதுன்னு விதி இல்ல," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். சகோதரர்கள் வரவில்லை. அவர்கள் டீயைக் குடித்தார்கள். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

கெவ்வின் கை திருகிலிருந்து இறங்கியது. "மணி அடிச்சா எழுந்திருச்சுத் தொலைங்கடா," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

நெவில் டாரனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அந்த மலை, பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, வியர்த்து, மூச்சு வாங்கி, தலையைத் தூக்கப் பார்த்தது.

"வலிக்குதுடா, நெவ்," என்றான் டாரன். கொட்டகை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்.

"வலிக்கத்தான் செய்யும். மூச்சை விடு."